மூன்றாம் நாள் சாம்பார்

எங்கள் வீட்டில் நான்கு பேர். அம்மா, மனைவி, மகள், நான். இது ரேஷன் கார்டு கணக்கு. கார்டில் பெயர் இல்லாத சுமார் ஐந்நூறு பேர் பால்கனியில் இருக்கிறார்கள். அவர்களால் கரன்ட் பில் ஏறாது, டி.வி. ரிமோட்டுக்குச் சண்டை வராது. நாங்கள் சீவிப்போடும் கேரட் தோலையும் வாழைப்பழத் தோலையும் தின்றுவிட்டு, பதிலுக்கு டீத்தூள் மாதிரி பொலபொலவென்று கறுப்பாக எரு கொடுப்பார்கள்.

மண்புழுக்களைத்தான் சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பேசப்போவது சாப்பாட்டைப் பற்றித்தான்.

2020 ஊரடங்கில் ஆளாளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது இல்லையா? சிலர் மாவு பிசைந்து ரொட்டி சுட்டார்கள், சிலர் மொட்டை மாடியில் எட்டு போட்டு நடந்தார்கள். எனக்குப் பிடித்தது இது. ஊரடங்கு தளர்ந்ததும் நண்பர் ஒருவர் அரைக் கிலோ புழுவை ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். ஆமாம், புழுவைக் கிலோ கணக்கில்தான் விற்கிறார்கள். கிலோவுக்கு ஏறக்குறைய ஆயிரம் நிற்கும். பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் சுற்றிலும் ஓட்டை போட்டு, அடியில் தேங்காய் நார், அதன்மேல் காய்ந்த சாணம், கிழித்து நனைத்த செய்தித்தாள். அவ்வளவுதான் வீடு. கிரகப்பிரவேசம் முடிந்தது.

புழுவுக்குப் பல் கிடையாது. நாம் போடும் தோலை அது கடித்துத் தின்பதில்லை. முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் தோலை ஊறவைத்துக் குழைக்கும். பிறகுதான் புழு வந்து அந்தக் குழைவையும் நுண்ணுயிரிகளையும் சேர்த்து விழுங்கும். வயிற்றுக்குள் அரைவைப்பை என்று ஒன்று உண்டு. புழு விழுங்கிய மண்துகள்களே அங்கே அம்மிக்கல். மூக்கும் கிடையாது. ஈரத் தோலால்தான் மூச்சு விடும். தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். எந்தப் புழுவை வளர்ப்பது என்பதற்கும் ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த, மண்புழு ஆராய்ச்சிக்குப் பெயர்போன சுல்தான் அகமது இஸ்மாயில், நம் ஊர் மண்ணில் இருக்கும் புழுவே நமக்குப் போதும் என்று பல காலமாகச் சொல்லி வருகிறவர். என் பால்கனிவாசிகள் எந்த ஊர் என்று நண்பருக்கே தெரியவில்லை. நான் வற்புறுத்திக் கேட்கவில்லை.

இரண்டே மாதத்தில் முதல் எரு கிடைத்தது. முதல் மழைக்கு மண் ஒரு வாசனை விடுமே, அதே வாசனை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம், காபி கொடுப்பதற்கு முன்பே பால்கனிக்கு இழுத்துப் போய் மூடியைத் திறந்து காட்டினேன். "எங்க வீட்லேர்ந்து மக்கும் குப்பை ஒரு பிடிகூட வெளியே போறதில்லை" என்பது என் வசனம். வந்தவர்களும் பாவம், மூக்கைப் பிடித்துக்கொண்டே பாராட்டினார்கள்.

கொஞ்ச நாளில் ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். முன்பெல்லாம் அரைக் கட்டுக் கீரை அழுகிப்போனால் மனசு உறுத்தும். இப்போது உறுத்துவதில்லை. "புழுவுக்குத்தானே போகுது" என்று கையலம்பிக்கொண்டு வந்துவிடுகிறேன். கேரட்டின் தோலைச் சீவும்போது கத்தி ஆழமாக இறங்குகிறது. வாழைப்பழத்தில் லேசாகக் கறுப்பு விழுந்தால் முழுப்பழமும் டிரம்முக்குள். புண்ணியம் செய்ய ஓர் இடம் கிடைத்ததும் பாவம் செய்வது சுலபமாகிவிட்டது.

இது என் ஒருவன் கதை என்று நினைக்காதீர்கள். 2022-ம் ஆண்டில் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் கணக்குச் சொன்னது. கல்யாண மண்டபமும் ஓட்டலும்தான் காரணம் என்று நாம் விரலை நீட்டுவோம். அந்தக் கணக்கில் நூற்றுக்கு 60 பங்கு வீட்டுச் சமையலறையில் வீணானது. இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ என்கிறார்கள். என்னுடைய கீரைக் கட்டும் அதில் அடக்கம்.

இனி மகளின் பிறந்த நாள் கதை.

முப்பது பேரை அழைத்திருந்தோம். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் வெளியே சொல்லி வரவழைத்தாயிற்று. நவம்பர் மாதம். சென்னையில் நவம்பர் என்றால் உங்களுக்குத் தெரியும். சாயந்திரம் நாலு மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. பதினெட்டுப் பேர்தான் வந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஓர் அடுக்கு நிறைய, நாலு கிலோவாவது இருக்கும், சாம்பார் சாதம் எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாட்ச்மேன் ஒரு டப்பா வாங்கிக்கொண்டார். அந்த மழையில் வேறு யாரைத் தேடிப் போவது? ஃப்ரிட்ஜில் இடமில்லை. கீழே கொட்டவோ மனசு வரவில்லை. சோற்றைக் கொட்டினால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மூடியைத் திறந்தேன். அடுக்கைக் கவிழ்த்தேன். மேலே நாலு செய்தித்தாள் போட்டு மூடினேன். எதையும் வீணாக்கவில்லை என்ற நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டிருக்கலாம். எல்லாம் நன்றாக இருந்தால் புழு ஒரு நாளைக்குத் தன் எடையில் பாதி தின்னும். அரைக் கிலோ புழு என்றால் கால் கிலோ. நான் கவிழ்த்தது பதினாறு நாள் சாப்பாடு. அதிலும் உப்பு, புளி, காரம், எண்ணெய் எல்லாம் போட்டது. உப்பு புழுவின் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். எண்ணெயும் குழைந்த சோறும் காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். காற்று இல்லாத இடத்தில் சோறு புளிக்கும், கொதிக்கும், நாறும்.

மூன்றாம் நாள் காலையில் பால்கனிக் கதவைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம். டிரம்மின் மூடியைத் தூக்கினேன். மூடியின் உள்பக்கம் முழுக்கப் புழுக்கள். வெளிச்சம் என்றாலே ஓடி ஒளிகிற ஜீவன்கள், சுவரெல்லாம் ஏறி, ஓட்டை வழியாக வெளியே வந்து, டைல்ஸ் தரையில் சுருண்டு காய்ந்து கிடந்தன. உள்ளே இருந்தவற்றைத் தேடிப் பார்த்தேன். ரொம்பப் பேர் இல்லை. புழுவின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். செத்த ஓரிரு நாளில் இருந்த சுவடே தெரியாமல் கரைந்துவிடும். எண்ணி அழக்கூட மிச்சம் வைக்காத சாவு.

'புழுவுக்காக இவ்வளவா?' என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டாள். அதே வாரம் சமையலறையில் மருந்தடித்து இருபது கரப்பான் பூச்சிகளைக் கொன்றவன்தான் நான். அதற்குத் தூக்கம் கெடவில்லை. இதற்குக் கெட்டது. கரப்பான் தானாக வந்தது. இவர்களை நான் கூட்டிக்கொண்டு வந்தேன், மூடி போட்டு வைத்தேன். அவர்கள் என்ன தின்ன வேண்டும் என்பதை என் கையில் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்ட பிறகு அவர்களுக்கு எது ஆகும் என்று பார்க்காமல், எனக்கு எதைத் தள்ளிவிட வேண்டும் என்று பார்த்தேன்.

அம்மா எட்டிப்பார்த்துவிட்டுச் சொன்னது: "மாட்டுக்கே இவ்வளவு சோறு வைக்க மாட்டோமேடா! வயிறு ஊதிப் போயிடும்."

அம்மா பிறந்தது மாயவரம் பக்கத்தில் ஒரு கிராமம். கொல்லையில் கழுநீர்த் தொட்டி இருக்கும். அரிசி கழுவிய தண்ணீர், காய்த்தோல், வடித்த கஞ்சி எல்லாம் அதில். ஆனால் சோறு மட்டும் ஒரு கைப்பிடிக்கு மேல் போட்டால் பாட்டி கத்துவாளாம். இது பாட்டியின் கருமித்தனம் இல்லை. சோறு அதிகமானால் மாட்டின் வயிற்றில் அமிலம் பெருகி, உப்புசம் கண்டு, உயிருக்கே ஆபத்தாகும். மாட்டுப் பொங்கலன்று பசுவுக்குப் பொங்கலை அள்ளி அள்ளி ஊட்ட வேண்டாம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். அன்பு காட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, நம் ஆசைக்கு மாட்டின் வயிற்றில் இடம் தேடுகிறோம்.

(வயலுக்கு எரு போடுவதை எங்கள் பக்கத்தில் 'குப்பை அடிக்கிறது' என்பார்கள். குப்பை என்ற சொல்லுக்கு அங்கே மரியாதை இருந்தது. சென்னைக்கு வந்த பிறகுதான் அந்தச் சொல் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போய்ச் சேர்ந்தது.)

டிரம்மைக் கழுவி, பிழைத்தவர்களை வைத்து மறுபடி ஆரம்பித்தேன். மண்ணில் இருந்த முட்டைக்கூடுகளிலிருந்து நூல் நூலாகக் குட்டிகள் வந்தன. இந்த முறை உஷாராக ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி டிரம்மின் மேல் ஒட்டினேன்:

'உப்பு, புளி, காரம், எண்ணெய் சேர்ந்தது போடக் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், வெங்காயம் வேண்டாம். புளித்தது, ஊசியது கூடவே கூடாது. ஒரு நாளைக்கு ஒரு கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். என்ன போட்டோம், என்றைக்குப் போட்டோம் என்பதை நோட்டில் எழுதவும்.'

பக்கத்தில் ஒரு நோட்டு. நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா.

இந்த அட்டையை நான் எழுதியது உண்மையில் ஒருவருக்காக. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கிக் கொடுக்கிற அக்கா. நாங்கள் அவரை 'அக்கா' என்போம். அவர் என் மனைவியை 'அக்கா' என்பார். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஒன்பது வருஷமாக வருகிறார். எட்டாவது வரை படித்தவர். தோலை டிரம்மில் போடுவது பெரும்பாலும் அவர்தான்.

அட்டை ஒட்டிய மறுநாள், அவர் அதை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் சார், இதுக்கு உப்பு ஆகாதா?"

"ஆகாதுக்கா."

"எண்ணெயும் ஆகாது, புளிச்சதும் ஆகாது. என்னிக்குப் போட்டதுன்னு தேதிகூட எழுதணும்."

"ஆமாக்கா. இல்லைன்னா செத்துப் போயிடும். அன்னிக்குப் பார்த்தீங்கல்ல?"

"அது சரி" என்றார். பேனாவை எடுத்துத் தேதி எழுதினார். அப்புறம் சிரித்துக்கொண்டே கேட்டார். "எனக்குக் குடுக்கிற சாம்பாரு என்னிக்கு வச்சதுன்னு யாரு சார் எழுதுறா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டு கேட்டார்.

சமையலறை மேடையில் அவருடைய டப்பா இருந்தது. அம்மா அப்போதுதான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஊற்றியிருந்தார். முருங்கைக்காய் சாம்பார். ஞாயிற்றுக்கிழமை வைத்தது. அன்று புதன்.

உங்கள் வீட்டில் இப்படி நடப்பதில்லை என்றால் நல்லது. இந்தக் கட்டுரையை நீங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக நடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நியாயமாகச் சொன்னால், அந்தச் சாம்பார் கெட்டுப்போகவும் இல்லை. ஃப்ரிட்ஜில் மூன்று நாள் இருந்த சாம்பாரைச் சுடவைத்துச் சாப்பிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. அதை நாங்கள் சாப்பிடத் தயாராக இல்லை என்பதுதான் விஷயம். எங்களுக்கு வேண்டாம் என்று முடிவான நிமிஷத்தில்தான் அது அவருக்கு உரியதானது.

யோசித்துப் பார்த்தால், இந்த ஃப்ரிட்ஜ் இருக்கிறதே, அது வாய்தா கொடுக்கிற கோர்ட் மாதிரி. எதற்கும் அன்றைக்கே தீர்ப்பு வராது. முதல் நாள் சாப்பாடு. இரண்டாம் நாள் மிச்சம். மூன்றாம் நாள் தர்மம். நான்காம் நாள் உரம். பொருள் ஒன்றுதான், பெயர் மட்டும் மாறிக்கொண்டே வரும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில், ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வீட்டுக்காரர்களே பழையது சாப்பிட்டார்கள். மிச்சத்துக்கு முதல் உரிமையாளர் சமைத்தவரே.

காக்கைக்குச் சோறு வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது வைக்கிறோம்? யாரும் வாய் வைப்பதற்கு முன்னால். சட்டியில் முதல் அகப்பை காக்கைக்கு. மிஞ்சியதை வழித்துப் போட்டால் காக்கை கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் அம்மா விடமாட்டார். வாசலில் கோலம்கூட அரிசி மாவில்தான் போட்டார்கள், எறும்பு தின்னட்டும் என்று. (இப்போது கடையில் விற்கும் கோலமாவு கல்லுப்பொடி. எறும்பு ஏமாந்து போகிறது.) பறவைக்கும் எறும்புக்கும் முன்கூட்டியே பங்கு ஒதுக்கத் தெரிந்த அதே வீட்டில், நம் வீட்டுக்குள்ளேயே வந்து நம் எச்சில் தட்டைக் கழுவுகிற மனுஷிக்குப் பங்கு கடைசியில் வந்தது எப்படி?

அன்று அக்காவிடம் கேட்டேன். தைரியமெல்லாம் இல்லை, கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தச் சாம்பாரை வீட்ல சாப்பிடுவீங்களாக்கா?"

கொஞ்சம் தயங்கினார். "நல்லா இருந்தா சாப்பிடுவோம் சார். என் பையன் மோந்து பார்ப்பான். புடிக்கலைன்னா தெரு முனைத் தொட்டியில கொட்டிட்டு டப்பாவைக் கழுவிடுவேன்."

"ஏன், வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பாட்டிம்மாவுக்கு மனசு கஷ்டமா இருக்கும். அப்புறம் நல்லது இருந்தாலும் குடுக்க மாட்டீங்க."

அந்த இரண்டு வாக்கியத்தில் இருந்த உலக ஞானத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. முதலாவது எங்கள்மேல் அவர் காட்டிய கருணை. இரண்டாவது எங்களைப் பற்றி அவர் போட்ட கணக்கு. இரண்டுமே சரி. ஆக, ஒன்பது வருஷமாக எங்கள் குப்பையில் ஒரு பகுதியை அவர் தெரு முனை வரைக்கும் சுமந்து போய்க் கொட்டியிருக்கிறார். அதற்கு முன்னால் எங்களுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறார். நானோ 'எங்க வீட்லேர்ந்து மக்கும் குப்பை ஒரு பிடிகூட வெளியே போறதில்லை' என்று ஊரெல்லாம் வசனம் பேசியிருக்கிறேன்.

ஒத்துக்கொள்ளாத சாப்பாடு வந்தால் புழு சுவர் ஏறித் தப்பப் பார்க்கும். அதுவே அதன் பேச்சு. வேலையும் சம்பளமும் அதே வீட்டில் இருக்கிறவர் எந்தச் சுவரில் ஏறுவது?

'அதெல்லாம் சரி சார், கொடுக்காவிட்டால் அதுவும் குப்பைக்குத்தானே போகும்? அவர்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்களே' என்று உங்களில் சிலர் சொல்வது கேட்கிறது. நியாயமான கேள்வி. மிஞ்சியதைக் கொடுப்பதே அவமானம் என்று நான் சொல்லவில்லை. அன்று ராத்திரி நல்ல சாம்பார் சாதத்தை வாட்ச்மேன் வாங்கிக்கொண்டது அவமானம் இல்லை. சூடாக இருந்தது, நாங்களும் அதையே சாப்பிட்டோம், வேண்டுமா என்று கேட்டுத்தான் கொடுத்தோம். 2017-ல் பெசன்ட் நகரில் 'அய்யமிட்டு உண்' என்ற பெயரில் ஒரு பொது ஃப்ரிட்ஜை வைத்தார்கள். வைக்கிறவர் வைக்கலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். உபரி உணவைச் சேகரித்துக் கொடுக்கும் அமைப்புகளுக்கென்று 2019-ல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறைகளே கொண்டுவந்தது. ஊருக்குக் கொடுக்கிற சோற்றுக்கு விதி இருக்கிறது. எங்கள் வீட்டு மேடையில் இருந்த டப்பாவுக்குத்தான் எந்த விதியும் இல்லை.

டார்வினின் ஞாபகம் வருகிறது. குரங்கு, பரிணாமம் என்று நாம் படித்தோமே, அதே டார்வின்தான். அவருக்கு மண்புழுமேல் ஒரு கிறுக்கு. 1837-லேயே லண்டன் புவியியல் சங்கத்தில் மண்புழுக்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தவர். 1881-ல் வந்த அவருடைய கடைசிப் புத்தகமும் மண்புழுவைப் பற்றியதே. அடுத்த ஏப்ரலில் காலமாகிவிட்டார். தொட்டியில் மண் நிரப்பி வீட்டுக்குள்ளேயே புழு வளர்த்தார். மகனை விட்டுக் குழல் வாசிக்கச் சொல்லி, காது கேட்கிறதா என்று பார்த்தார். கேட்கவில்லை. தொட்டியைப் பியானோமேல் வைத்து வாசித்தபோது அதிர்வு தெரிந்து வளைக்குள் ஓடின. முட்டைக்கோஸ், கேரட் இலை, வெங்காயம் என்று விதவிதமாகப் பரிமாறி, எதை முதலில் தின்கின்றன, எதை ஒதுக்குகின்றன என்று ராத்திரி முழித்திருந்து குறித்துவைத்தார். (என் அட்டையில் வெங்காயம் வேண்டாம் என்று இருக்கிறது. அவருடைய புழுக்கள் வெங்காயத்தை ரசித்துத் தின்றனவாம். ஆளுக்கொரு ருசி.)

உலகமே கொண்டாடிய ஒரு கிழவர், ஒரு புழுவிடம் 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்டிருக்கிறார். அதற்கு வாய் இல்லாததால் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்க வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை. அக்கா தமிழில் பதில் சொல்லக் கூடியவர். ஒன்பது வருஷத்தில் கேட்கவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னதும் நான் பயந்தது போலவே நடந்தது. "நான் என்ன கெட்டுப்போனதையா கொடுத்தேன்? என் கையால எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கேன்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. எழுபத்தெட்டு வயதில், செய்தது எல்லாம் தர்மம் என்று நம்பிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், அதில் பாதி குப்பைத் தொட்டிக்குப் போனது என்று சொல்வது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. இப்போதும் முழுதாகத் தீரவில்லை. அக்காவின் மரியாதைக்காக அம்மாவின் மனசை உடைத்தேனா? அக்கா அத்தனை வருஷம் பொத்திக் காத்த ரகசியத்தை நான் ஒரே நாளில் போட்டு உடைத்தது அவருக்குச் செய்த நல்லதா, என் குற்ற உணர்ச்சிக்குத் தேடிக்கொண்ட வடிகாலா? மறுபடியும் அடுக்கைக் கவிழ்க்கிற வேலையைத்தான் செய்தேனோ?

மூன்றாம் நாள் அம்மாவே பேச்சை எடுத்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எங்க அம்மா கொல்லைப்பக்கமா வச்சுக் கொடுப்பாங்க. வயல்ல வேலை செய்றவங்க வாசல் பக்கம் வரக் கூடாது. மிஞ்சினதைக் கொட்டாங்குச்சியில ஊத்துவாங்க. அப்ப அது தப்புன்னு யாருக்கும் தோணலை."

என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "வாங்கினவங்களுக்குத் தோணியிருக்கும் பாட்டி."

அம்மா கீரையை ஆய்வதை நிறுத்தினார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. காம்புகளை எல்லாம் ஒரு கிண்ணத்தில் சேர்த்துவைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பெரிய புரட்சி ஒன்றும் நடந்துவிடவில்லை. சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்தினோம், அது எப்போதோ செய்திருக்க வேண்டியது. சமைக்கிற அளவைக் குறைத்தோம். சில நாள் மிஞ்சும், சில நாள் மிஞ்சாது. அக்காவுக்கு என்று கொடுப்பதானால் அன்றைக்குச் சமைத்ததில், நாங்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்னால் எடுத்து வைக்கிறார் அம்மா. காக்கைக்கு வைத்த கையோடு அதுவும் நடந்துவிடுகிறது. அக்காவுக்கு அதில் பெரிய ஆனந்தமெல்லாம் இல்லை. "நான் ஒண்ணும் மிச்சம் வேணாம்னு சொல்லலைக்கா. நேத்து வச்ச வத்தக்குழம்புதான் எனக்குப் புடிக்கும். என்னிக்கு வச்சதுன்னு மட்டும் சொல்லிட்டுக் குடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

அதனால் இப்போது ஃப்ரிட்ஜில் இருக்கும் டப்பாக்கள்மேல் எல்லாம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். மகளின் கையெழுத்து. 'ரசம், வியாழன்.' 'அவியல், சனி மதியம்.'

போன செவ்வாய்க்கிழமை, அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து வாய்விட்டுப் படித்தார். "கத்திரிக்காய்ப் பொரியல், சனி ராத்திரி." மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூடினார்.

"இது எனக்கு வேணாம்க்கா."

"சரிக்கா, அப்ப டிரம்ல போட்ருங்க" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

அக்கா பால்கனிப் பக்கம் இரண்டடி நடந்துவிட்டு நின்றார். அட்டையைப் பார்த்தார்.

"எண்ணெ இருக்கே. அதுங்களும் சாப்பிடாதுங்க."

டப்பா மறுபடி மேடைக்கு வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். மனைவி வெளியே வந்து என்னைப் பார்த்தாள். அம்மாவும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

சூடு பண்ணி, தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். கொஞ்சம் உப்புக் கரித்தது.